ஜியோடியூப்: வாங்குவதற்கு முன் அடியையும் நுனியையும் பாருங்கள்

கடல் அரிப்பைத் தடுக்கக் கரையோரம் போடும், மணல் நிரப்பிய துணிக்குழாய்தான் ஜியோடியூப். விற்க வருகிறவர் காட்டும் படங்களில் அது எப்போதும் புத்தம் புதிதாகவே இருக்கும். உப்பி நிற்கும் துணிக்குழாய், சுற்றிலும் சுத்தமான மணல், பின்னால் சாதுவான கடல். அலை அடிக்கும் படம் ஒன்றைக்கூட எனக்கு யாரும் காட்டியதில்லை. கடல் அரிப்புத் தடுப்பு வேலைகளில் தள மேற்பார்வை பார்ப்பது என் தொழில். கல் கொட்டியிருக்கிறேன், டெட்ராபாட் என்ற நாலு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கியிருக்கிறேன், இந்தக் குழாயையும் நிரப்பி, புயல் காலம் முடியும் வரை அது என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லும் குறைகள் இந்த வகைச் சரக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பொருள் எளிமையானது. பாலிபுரோப்பிலீன் இழையில் நெய்த தடித்த துணியை நீளக் குழாயாகத் தைத்திருப்பார்கள். மேல்பக்கம் வரிசையாக வாய்கள் இருக்கும். மணலைத் தண்ணீரோடு கலந்து பம்பு வைத்து அந்த வாய் வழியே அடித்தால், தண்ணீர் துணி வழியே கசிந்துவிடும், மணல் உள்ளே தங்கும். நிரப்பும்போது கசியும் நீரைக் கவனியுங்கள். முதலில் கலங்கலாக வந்து, கொஞ்ச நேரத்தில் தெளிய வேண்டும். தெளியவே இல்லையென்றால் துணியின் கண் உங்கள் மணலுக்குப் பெரிது, சரக்கு உள்ளே நிற்காது. தண்ணீர் வெளியேறவே இல்லையென்றால் மணலில் சேறு அதிகம், கண் அடைத்துக்கொண்டது. ஆர்டர் கொடுக்கும் முன்பே மணலைச் சலித்துப் பார்த்து, அதற்கேற்ற துணி கேட்டு வாங்குவதுதான் முறை. பல இடங்களில் துணி வந்து இறங்கிய பிறகுதான் மணலைப் பற்றிய பேச்சே வருகிறது.

விளம்பரத் தாளில் போட்டிருக்கும் விட்டத்தை உயரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய் முழு வட்டமாக நிற்காது, சப்பையாகப் படுக்கும். விட்டத்தில் பாதி, கொஞ்சம் கூடுதலாக நின்றால் நல்ல வேலை. அதற்கு மேல் உயரம் வேண்டும் என்று பம்பை அழுத்தினால், பஞ்சை அளவுக்கு மீறித் திணித்த தலையணை போல, தையலில் பிளந்துகொள்ளும். துணியை விடத் தையல் பலவீனம் என்பதை விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்வதில்லை. துணியின் இழுவிசைக்குச் சான்றிதழ் காட்டினால், தையலின் இழுவிசைக்கும் தனிச் சான்றிதழ் கேளுங்கள்.

நல்லது எது? வேகம். கல் குவாரி பக்கத்தில் இல்லாத கரைக்கு, அதிலும் லாரி போகப் பாதையே இல்லாத கரைக்கு, இது பெரிய வரம். துணிச் சுருளும் பம்பும் போய்ச் சேர்ந்தால் போதும். குழாயின் மேல் வெறுங்காலோடு நடக்கலாம், உட்காரலாம். வலை உரசினாலும் கல்லில் கிழிவது போலக் கிழியாது. நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைக்கவும் மணல் நிரப்பிய துணி உதவும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் 1999 இல் தொடங்கி, 400க்கும் மேற்பட்ட ராட்சத மணல் பைகளைப் போட்டு நாரோநெக் திட்டைக் கட்டினார்கள். பிற்பாடு புதிய பைகள் சேர்த்துப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். நீருக்குள் பாசி பிடித்த துணி வெயிலுக்குத் தப்பிவிடுகிறது. வெளியே கிடக்கும் துணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இனி எடை. கடலுக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.6 டன், ஈரமணல் 2 டன்னை ஒட்டி வரும். மேலே பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. கடல்நீர் தாங்கும் பங்கைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: கல்லுக்கு ஒன்றரை டன் மிஞ்சும், மணலுக்கு ஒரு டன் தேறினால் அதிகம். அலையோ இரட்டை மடங்கு உயர்ந்தால், அதைத் தாங்க வேண்டிய கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். கல் தடுப்பு வடிவமைப்பவர்கள் பயன்படுத்தும் ஹட்சன் சூத்திரம் சொல்வது இதைத்தான். அதனால்தான் 1950 இல் பிரான்சின் கிரெனோபிளில் டெட்ராபாட் பிறந்தது: எடையோடு, கால்களைக் கோத்துக்கொண்டு நிற்கும் பிடிப்பும் சேரட்டும் என்று. கான்கிரீட் கட்டை என்றால் ஜெயித்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். போர்ச்சுகலின் சினெஸ் துறைமுகத்தில் ஒவ்வொன்றும் 42 டன் எடையுள்ள டோலோஸ் கட்டைகளை அடுக்கியிருந்தார்கள். 1978 பிப்ரவரிப் புயல் அவற்றைச் சிதைத்துப் போட்டது.

ஆனால் நான் பார்த்த குழாய் அலை மோதிக் கிழியவில்லை. அடியில் இருந்த மணல் போனது. அலை குழாயில் பட்டுத் திரும்பும்போது அதன் காலடியைத் தோண்டும். பள்ளம் விழுந்ததும் குழாய் கடல் பக்கமாகப் புரளும். இதற்கென்றே அடியில் ஒரு விரிப்புத் துணியும், அதன் விளிம்பில் சின்ன நங்கூரக் குழாயும் போட வேண்டும். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது இந்த விரிப்புதான். அதை வெட்டுகிறவர்களிடம் சண்டை போடுங்கள். மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை.

அடுத்து நுனி. சுவர் முடியும் இடத்துக்கு அப்பால் கரை கூடுதலாக அரிக்கும். கல் சுவருக்கும் உண்டு இந்த வியாதி, கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுக்கும் உண்டு. கரையோரம் நகர்ந்து வரும் மணலைத் தூண்டில் வளைவு ஒரு பக்கம் பிடித்துவைக்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். குழாய் அவ்வளவு மணலைப் பிடிப்பதில்லை, ஆனாலும் அதன் நுனியில் கரை உள்வாங்குவதை நடந்துபோகிற எவரும் காணலாம். நுனியைக் கரைக்குள் வளைத்துப் புதைக்கச் சொல்லுங்கள். நிரப்பும் மணலை அதே கரையில் தோண்டி எடுக்க யாராவது யோசனை சொன்னால், அவரைத் தளத்துக்குள் விடாதீர்கள்.

கல்லோடு ஒப்பிட்டால் எனக்கு உறுத்துவது இது: கல் தடுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெடும். நாலு கல் உருண்டாலும் மிச்சம் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த வருஷம் மேலே கொட்டிச் சரிசெய்யலாம். குழாய் அப்படியில்லை. மிதந்து வரும் மரக்கட்டை, படகின் நங்கூரம், பொழுது போகாத ஒருவர் கையிலுள்ள கத்தி, ஏதோ ஒன்று போதும். கிழிசல் சின்னதாக இருக்கும்போதே ஒட்டுப் போட்டால் பிழைக்கும்; ஒரு இரவு தவறினால் அந்த நீளம் முழுவதும் சப்பி விடும். அதனால் வாங்கும்போதே ஒட்டுத் துணியும், அதைத் தைக்கத் தெரிந்த ஆளும், தினமும் நடந்து பார்க்க ஒருவரும் வேண்டும். மேலே மணல் மூடி வைத்தால் வெயிலும் கத்தியும் எட்டாது, ஆனால் ஒவ்வொரு பெரிய அலைக்குப் பிறகும் திரும்ப மூட வேண்டும்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்று. நிரந்தரத் தடுப்பு தேடுகிறவர்களுக்கு இரண்டுதான். கல் வந்து சேரும் வரை ஒரு சாலையையோ வீட்டு வரிசையையோ காப்பாற்ற வேண்டும் என்றால் தாராளமாக நான்கு கொடுப்பேன். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குழாயின் ஆயுள் முடிந்ததும் அதை அறுத்து, மணலைக் கரையில் விட்டு, துணியை அள்ளிப் போவது யார் பொறுப்பு என்று. நான் பார்த்த தாளில் அந்த வரி இல்லை. கிழிந்த துணி இன்றும் அங்கேயே பாதி மணலில் புதைந்து கிடக்கிறது, நார் நாராகப் பிரிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.