எச்சரிக்கை: குமண பூங்காவுக்கென்று பணம் வாங்கி, அதன் வாசலையே காட்டாத ஜீப் பயணம்

பொத்துவில், அறுகம்பைப் பக்கத்திலிருந்து குமண தேசியப் பூங்காவுக்கு யானை பார்க்கச் செல்லவிருப்பவர்கள், அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரை அழைத்துச் செல்பவர்கள், எவருக்கும் முற்பணம் அனுப்புவதற்கு முன்னர் இதை வாசித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பூங்காக் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் வங்கியில் வைப்பிலிட்டிருந்த எங்கள் குடும்பம், கடந்த விடுமுறையில் அந்தப் பூங்காவின் எல்லைக்குள் கால்கூட வைக்காமல் வீடு திரும்பியது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் ஏமாற்றியவரின் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ இங்கு தரவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையைச் சொல்லலாம். அந்த முறை ஒருவரோடு நின்றுவிடக் கூடியதும் அல்ல.

இலண்டனிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துக்காகச் செய்த ஏற்பாடு இது. மட்டக்களப்பிலிருந்து கரையோர வீதியால் பொத்துவில் வரை எங்கள் வேனில் சென்று, அங்கிருந்து விடியற்காலையில் ஜீப்பில் புறப்படுவது என்றும், நுழைவுச்சீட்டு, வனஜீவராசிகள் திணைக்கள வழிகாட்டி, காலை உணவு, ஜீப் வாடகை எல்லாம் சேர்த்து 96,000 ரூபாய் என்றும் வட்ஸ்அப்பில் பேசி முடிவாகியிருந்தது. கொம்பன் யானை நிச்சயம், காணாவிட்டால் பணம் திரும்பத் தரப்படும் என்று விளம்பரத்திலேயே எழுதியிருந்தார்கள். நேர்மையான எந்தச் சாரதியும் இப்படி எழுதமாட்டார். நம் நாட்டு ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. 2011ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில் பதிவான 5,879 யானைகளில் தந்தமுள்ளவை நூற்றுக்கு இரண்டு அளவில்தான் இருந்தன.

குமணவின் வாசல் உகந்தையில் இருக்கிறது என்பது கிழக்கு மாகாணத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிப் பாதயாத்திரை செல்பவர்கள், உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள். எங்கள் ஜீப்போ பாணமையைத் தாண்டிக் குடும்பிகல மலைப்பக்கம் போவதற்கு முன்னரே வலப்புறமாக ஒரு மணல்தடத்தில் திரும்பிவிட்டது. அந்த வழியைக் கால்நடையாக நடந்து பழகிய மாமி உடனேயே, "மகன், உகந்தை இன்னும் வரல்லையே, எங்க திரும்புறீங்க?" என்று கேட்டார். "இது பூங்காவுக்குப் போற குறுக்குவழி அம்மா, வாசல்ல சனம் கூட" என்று சாரதி பதில் சொன்னார். நுழைவுச்சீட்டு எங்கே என்று மைத்துனர் கேட்டதற்கு, அது முதல் நாளே எடுத்தாகிவிட்டது, முதலாளியிடம் இருக்கிறது என்றார். வழிகாட்டி உள்ளே ஏறிக்கொள்வாராம். கடைசி வரை எவரும் ஏறவில்லை.

யானையைக் காணவில்லை என்று சொல்லமாட்டேன். பற்றைக்காட்டுக்கு அப்பால் வற்றிக்கொண்டிருந்த ஒரு சிறு குளத்தருகே, குட்டியோடு ஒரு கூட்டம் நின்றது. இலங்கையின் காட்டு யானைகள் பெருமளவில் பூங்காக்களுக்கு வெளியேதான் நடமாடுகின்றன என்பதால், இந்த வியாபாரத்துக்குப் பூங்காவே தேவைப்படுவதில்லை. யானையைக் காட்டிவிட்டால் வந்தவர் வாய் திறக்கமாட்டார் என்பதுதான் கணக்கு. கூட்டம் காட்டுக்குள் நகரத் தொடங்கியபோது சாரதி ஹோர்ன் அடித்து, எஞ்சினை உறுமவைத்து, அவை போகும் திசையில் ஜீப்பைக் குறுக்கே விட்டார். தாய் யானை காதுகளை விரித்துக்கொண்டு எங்களை நோக்கிப் பாய்ந்து வந்து சிறிது தூரத்தில் நின்றுகொண்டது. பிள்ளைகள் அலறினார்கள், சாரதி சிரித்துக்கொண்டு, வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். பணத்தை விட எனக்கு ஆத்திரம் மூட்டியது இதுதான். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் யானை மனித மோதலால் 470க்கும் மேற்பட்ட யானைகளும் 160க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்திருக்கிறார்கள். காலையில் ஜீப்பால் வெருட்டப்பட்ட யானையின் முன்னே மாலையில் போய் நிற்கப்போவது நாமல்ல, வயலுக்கும் விறகுக்கும் நடந்து போகும் பாணமைச் சனம்தான்.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது, ஏற்பாட்டாளர் தன் பக்க நியாயமாக ஒரு விபரக் கணக்கை அனுப்பினார். அவருடைய குட்டு முழுவதும் அந்தக் கணக்கிலேயே வெளிப்பட்டது. அடையாள அட்டை வைத்திருந்த எங்களுக்கும் வெளிநாட்டவர் கட்டணமே போடப்பட்டிருந்தது. ஒரு குழுவுக்கு ஒரு தடவை மட்டும் அறவிடப்படும் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒன்றாகப் பெருக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, "யால கிழக்கு" என்று ஒரு வரியும் "குமண" என்று இன்னொரு வரியும் போட்டு இரண்டு பூங்காக்களுக்குப் பணம் எடுத்திருந்தார். யுத்தத்தால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்து, 2006இல் பெயர் மாற்றப்பட்ட ஒரே பூங்காவின் பழைய பெயரும் புதிய பெயரும் அவை என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. நாங்கள் இரண்டிலும் நுழையவில்லை என்பது வேறு விடயம்.

உண்மையான நடைமுறை இவ்வளவு சிக்கலானதல்ல. நுழைவுக் கட்டணம், குழுவுக்கான சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி ஆகியவற்றை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் பூங்கா வாசலில் அறவிட்டு, அதற்குரிய சீட்டையும் தருகிறது. உள்நாட்டவருக்கான கட்டணம் மிகச் சிறியது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அது பல மடங்கு அதிகம். இந்த இடைவெளியில்தான் இடைத்தரகர் கை வைக்கிறார். ஆகவே ஜீப்புக்குரியவரிடம் ஜீப் வாடகையை மட்டும் பேசுங்கள். பூங்காக் கட்டணத்தை உகந்தை வாசலில் நீங்களே இறங்கிச் செலுத்தி, சீட்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். இதற்குச் சம்மதிக்காத ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. நியாயமாக ஓடும் சாரதிகள் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள், அவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. முருகன் கோயிலைக் காணாமல் எவராவது உங்களைக் "குமணவுக்குள்" கொண்டுபோனால் அது குமண அல்ல.

வீதியோரத்தில் நின்று யானை பார்த்தாலே போதும் என்பவர்கள், பொத்துவிலிலிருந்து மொணராகலை போகும் வீதியில் லகுகல குளத்துப் பக்கம் மாலையில் போகலாம். 1,554 ஹெக்டேயர் கொண்ட அந்தச் சிறு பூங்காவின் யானைகள் குளத்துப் புல்லை மேய வருவதை வீதியிலிருந்தே காணக்கூடும். வாகனத்தை விட்டு இறங்காதீர்கள்; வாழைப்பழம் எறியாதீர்கள். அந்தக் காட்சிக்கு எவராவது "பூங்காக் கட்டணம்" கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கள் விடயத்தில், பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பின்னர் ஏற்பாட்டாளரே தொலைபேசியில் அழைத்து, பாதிப் பணம் தருகிறேன், இதைப்பற்றி எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டார். மைத்துனர் மறுத்துவிட்டார். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அறிவித்திருக்கிறோம். யானைகளைத் துரத்தியதை எங்கள் பிள்ளைகள் எடுத்த வீடியோவோடு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறோம். இதே முறையில் பணம் கொடுத்து உகந்தை வாசலைக் காணாமல் திரும்பியவர்கள் வேறு எவராவது இருந்தால், வங்கி வைப்புச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் வைத்திருந்து, நீங்களும் முறைப்பாடு பதிவு செய்யுங்கள். ஒரே கணக்கு இலக்கம் இரண்டு மூன்று முறைப்பாடுகளில் வந்தால், சீட்டு முதலாளியிடம் இருக்கிறது என்ற பதில் பொலிஸ் நிலையத்தில் எடுபடாது.