வைல்ட்ஃபிளையில் வெப் சர்வீஸ் ஒரு பக்கம், இஜேபி ஒரு பக்கம்: எப்படி இருக்கிறது?

பில்லிங், கணக்கு மாதிரி வேலைகளைப் பார்க்கும் இஜேபிகள் (சர்வருக்குள் ஓடும் ஜாவா கூறுகள், பீன் என்றும் சொல்வார்கள்) ஒரு இயர் கோப்பில் (முழு அப்ளிகேஷனின் தொகுப்பு), வெளியே ரெஸ்ட்டாகவோ சோப்பாகவோ (வெளியாட்களோடு தகவல் பரிமாறும் இரு முறைகள்) பேசும் வெப் சர்வீஸ் தனி வார் கோப்பில் (வெப் பகுதியின் தொகுப்பு). இரண்டையும் தனித்தனியாக டிப்ளாய் செய்துவிட்டு (சர்வரில் ஏற்றிவிட்டு), வெப் சர்வீஸ் இஜேபியைக் கூப்பிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு ஜாவா அப்ளிகேஷன் சர்வரான வைல்ட்ஃபிளை எப்படி என்பதை மட்டும்தான் எழுதுகிறேன். ஜேபாஸ் ஏஎஸ் என்றிருந்த அதே சர்வர்தான், 2014-இல் வைல்ட்ஃபிளை 8 என்று புதுப்பெயரில் வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முக்கியக் காரணம் லாக். இயர் ஏறும்போதே ஒவ்வொரு செஷன் பீனுக்கும் (கூப்பிட்டால் வேலை செய்யும் இஜேபி வகை) என்னென்ன ஜேஎன்டிஐ பெயர்கள் (சர்வரில் ஒன்றைத் தேடிப் பிடிக்க உதவும் முகவரிகள்) உண்டு என்று வரிசையாக அச்சிட்டுக் காட்டிவிடும். அதில் 'ஜாவா குளோபல்' என்று தொடங்கும் வரியை அப்படியே எடுத்து, வாரில் இருக்கும் இஜேபி அனோட்டேஷனின் (இந்த இஜேபி வேண்டும் என்று கோடில் வைக்கும் குறிப்பு) லுக்கப்பில், அதாவது தேட வேண்டிய பெயருக்கான இடத்தில், போட்டால் முடிந்தது வேலை. அந்த வரியில் இருப்பது அப்ளிகேஷன் பெயர், மாட்யூல் பெயர், பீன் பெயர், ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் இன்டர்ஃபேஸின் (பீனில் கூப்பிடக்கூடிய மெத்தடுகளின் பட்டியல்) முழுப்பெயர், அவ்வளவுதான். இந்த அமைப்பு 2009-இல் ஜாவா இஇ 6-உடன் வந்த இஜேபி 3.1 தரத்திலேயே இருப்பதால், நாளைக்கு வேறு சர்வருக்குப் போனாலும் கை கொடுக்கும். லுக்கப் எழுதாமல் அனோட்டேஷனை மட்டும் வைத்தால், சர்வர் அதே அப்ளிகேஷனுக்குள் மட்டும் தேடிவிட்டு, அப்படி ஒரு இஜேபி இல்லை என்று டிப்ளாய்மென்டையே நிறுத்திவிடும். புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

இன்டர்ஃபேஸ் ரிமோட்டாகவே (வேறு அப்ளிகேஷனிலிருந்தும் கூப்பிடக்கூடியதாக) இருக்கட்டும். லோக்கல் இன்டர்ஃபேஸ் ஒரே அப்ளிகேஷனுக்குள் வேலை செய்யும் என்பதற்கு மட்டும்தான் தரத்தில் உத்தரவாதம். ரிமோட் என்றால், ஒரே ஜேவிஎம்-க்குள் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) இருந்தாலும் வைல்ட்ஃபிளை இயல்பாகவே ஆப்ஜெக்டுகளை நகலெடுத்துத்தான் அனுப்பும். இது வேகத்தைக் கொஞ்சம் தின்னும், உண்மைதான். ஆனால் இரண்டு பக்கமும் வேறு வேறு கிளாஸ்லோடர் (கிளாஸ்களை ஏற்றும் பகுதி) இருந்தாலும் கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் (கிளாஸ் பொருந்தவில்லை என்ற பிழை) வந்து நிற்காமல் அழைப்பு போய்ச் சேர்வது இந்த நகலால்தான். நகலை நிறுத்த இஜேபி3 சப்சிஸ்டத்தில் ஒரு செட்டிங் உண்டு, நான் அதைத் தொடமாட்டேன். அதைவிட, பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு அழைப்பு என்று போகாமல், ஒரு பில்லுக்கு ஒரே அழைப்பு போகிற மாதிரி மெத்தடுகளை எழுதுவதுதான் சரி. இன்டர்ஃபேஸும் டிடிஓ கிளாஸ்களும் (தகவலை மட்டும் சுமந்து செல்பவை) மட்டும் இருக்கும் சின்ன ஜார் (கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) ஒன்றைத் தனியாகக் கட்டி, வாரிலும் இயரிலும் வைத்துவிடுங்கள்.

குறை என்றால் ஏறும் வரிசைதான். சர்வர் எழும்போது டிப்ளாய்மென்டுகள் இணையாக ஏறும், வார் முந்திக்கொண்டால் பெயர் கிடைக்காமல் விழுந்துவிடும். அப்போது வரும் பிழைச்செய்தி, கிடைக்காத சர்வீஸ்களின் நீண்ட பட்டியலாக இருக்கும், எந்த இயருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று நேராகச் சொல்லாது. இது கட்டாயம் திருத்தப்பட வேண்டிய விஷயம். 'ஜேபாஸ்-ஆல்' எக்ஸ்எம்எல் கோப்பில் வார் இந்த இயரை நம்பியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் வரிசை சரியாகிவிடும். ஆனால் அப்புறம் இயரை இறக்கினால் வாரும் கூடவே இறங்கும், தனித்தனியாக டிப்ளாய் செய்வதன் பயனில் பாதி அங்கேயே போய்விடுகிறது. அது வேண்டாம் என்றால் அந்த வரியை விட்டுவிட்டு, அழைப்பு வரும்போது கோடிலேயே லுக்கப் செய்ய வேண்டியதுதான்.

இரண்டையும் வேறு வேறு மெஷினில் வைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஜேபாஸ் ஏஎஸ் 7-இல் இஜேபிக்கென்று 4447 போர்ட்டைத் தனியாகத் திறக்க வேண்டியிருந்தது, இப்போது எல்லாம் 8080 வழியாகவே போகிறது. வைல்ட்ஃபிளை 27-ஆம் பதிப்புக்கு மாறுகிறவர்கள் மட்டும் கோடில் இருக்கும் இம்போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், பேக்கேஜ் பெயர்களின் தொடக்கம் ஜாவாஎக்ஸ் போய் ஜகார்த்தா ஆகிவிட்டது, வார், இயர், அந்தச் சின்ன ஜார் மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.