அம்மாவின் சுங்குடிகள் மிசௌரி போய் வந்த கதை

அம்மா போன பிறகு அவள் பீரோவிலிருந்து பதினோரு சுங்குடிப் புடவைகள் என் பங்குக்கு வந்தன. ஹூஸ்டனில் இரண்டு வருடம் சூட்கேஸிலேயே கிடந்தன. போன குளிர்காலத்தில்தான், துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் குயில்ட் போர்வை ஒன்று செய்ய, எடுத்துத் துவைத்தேன். அரக்குச் சாயம் மூன்றாவது தண்ணீரிலும் விட்டது, நான்காவதில்தான் நின்றது. நைந்த இடங்களை ஒதுக்கி, தைத்த பின் 6 இஞ்ச் நிற்கும்படி 99 சதுரங்கள் வெட்டினேன். ஒன்பதுக்குப் பதினொன்று, சுற்றிலும் 3 இஞ்ச் சந்தனக் கலர் பார்டர். மொத்தம் 60க்கு 72. பேத்திக்கு.

சதுரங்களை இணைத்த மேல்துணி வரைக்கும் சரி. மேல்துணி, நடுவில் பேட்டிங் என்கிற பஞ்சு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைப்பதுதான் மலைப்பாக இருந்தது. என் வீட்டு மெஷினில் ஊசிக்கும் கழுத்துக்கும் நடுவே 7 இஞ்ச்தான் இடம். அதற்குள் இவ்வளவு பெரிய குயில்ட்டை நுழைப்பது பாயைச் சுருட்டிப் பானைக்குள் திணிக்கிற வேலை. அதனால்தான், அந்த இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும் லாங் ஆர்ம் மெஷின் வைத்திருக்கும் ஒரு அம்மாளுக்குத் தபாலில் அனுப்பினேன். மிசௌரியில், தன் வீட்டு கராஜிலேயே தொழில் செய்கிறார். குறையும் சொல்லப் போவதால் பெயரைப் போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அனுப்புவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு தாள் அனுப்பினார். அதைப் படிக்கும்போது மூன்று துணியையும் சேர்த்து ஊக்கு குத்தி முடித்திருந்தேன்! அந்த மெஷினில் அடித்துணியும் மேல்துணியும் தனித்தனி உருளையில் ஏறுமாம், பேட்டிங் இடையில் போகும். துணி சட்டத்தில் விறைப்பாக நிற்க, மெஷின் தலைதான் அதன் மேல் ஓடும். சேர்த்துக் குத்தினால் அவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். இரண்டு சீரியல் முடிகிற நேரம் நானே பிரித்தேன்.

பின்பக்கம் தொங்கும் பிசிறு நூல்களை வெட்டச் சொல்லியிருந்தார். யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். மேல்துணியை ஜன்னலில் பிடித்துப் பார்த்தால், சந்தனக் கலருக்கு அடியில் அரக்கு நூல் ஒன்று தலைமயிர் மாதிரி நெளிந்து தெரிந்தது. ஒரு நாள் முழுக்க அந்த வேலை. அப்புறம் தையல்களையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி. விளிம்பைச் சுற்றி அரைக்கால் இஞ்ச் உள்ளே, ஊரில் டெய்லர் சொல்வாரே ஒரு நூல், அந்த அளவில் ஒரு தையல். இழுக்கும்போது ஓரத்து ஒட்டுகள் பிரியாமல் இருக்க.

பார்டரில்தான் எனக்கு அடி. நீளமான துண்டை விளிம்போடு தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டுவது என் பழக்கம். தரையில் விரித்தால் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்தது. மெஷினில் அந்த உபரி எல்லாம் மடிப்பாகிவிடும். மேல்துணியை நடுவில் அளந்து, அந்த அளவுக்கே பார்டரை வெட்டி மறுபடி தைத்தேன்.

அடித்துணிக்கும் ஒரு சுங்குடிதான், கத்தரிப்பூ நிறம். அகலம் போதாமல் இரண்டு துண்டை இணைத்தேன். இணைக்கிற இடத்தில் கரையை வெட்டிவிடச் சொன்னார். கரையின் நெசவு இறுக்கமாக இருப்பதால் துணி அந்த இடத்தில் இழுத்துச் சுருங்குமாம். மனசே வரவில்லை. வெட்டினேன், ஆனால் எறியவில்லை.

ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் கூடுதல் வேண்டும் என்று தாளில் தெளிவாக இருந்தது. நான்தான் மொத்தமே 4 என்று எடுத்துக்கொண்டு 64க்கு 76 வெட்டினேன். 68க்கு 80 இருந்திருக்க வேண்டும். பெட்டி போய்ச் சேர்ந்ததும் அவர் டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பி, என்னைக் கேட்டுக்கொண்டு, சுற்றிலும் துண்டு ஒட்டுப் போட்டார். 15 டாலர். தப்பு என்னுடையது, கொடுத்தேன்.

மேல்துணியையும் அடித்துணியையும் மடித்து, ஜிப் பைக்குள் பெயர், போன் நம்பர் எழுதிய தாளோடு போட்டு, தபால் ஆபீஸின் பெரிய ஃப்ளாட் ரேட் பெட்டியில் அனுப்பினேன். பேட்டிங் அவரிடமே, 80/20 பருத்தி பாலியஸ்டர், 30 டாலர். மேல்பக்கம் எது என்று காட்ட ஊக்கு குத்திய சீட்டு வைத்தேன். பெட்டியை மூடுமுன் படம் எடுத்தேன், இன்ஷூரன்ஸும் கூட்டிப் போட்டேன். அம்மாவின் புடவைக்கு விலை எழுதும் கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

கூலி சதுர இஞ்ச்சுக்கு இரண்டரை சென்ட், என் அளவுக்கு 108 டாலர். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே கொடிக்கோலம். மெஷினை ஓட்டியது கம்ப்யூட்டர்தான், ஒரு இடத்தில்கூட வளைவு உடையவில்லை. கையால் தடவினால் சுங்குடிப் புள்ளிகளும் தையலும் சேர்ந்தே தட்டுப்படுகின்றன.

குறைகள் இரண்டு. ஐந்து வாரம் என்றவர் எட்டு வாரம் ஆக்கினார், இடையில் நான் கேட்ட பிறகுதான் பதில் வந்தது. இரண்டாவது, நூல். மேலே எடுப்பாக இருக்க கிரீம் நூல் என்றேன். அடியிலும் அதே கிரீம்தான் ஓடுமென்று அவர் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் சாக்பீஸால் கோடு போட்டது போல இருக்கிறது. படத்தைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஓரம் வெட்டாமல்தான் வந்தது. ஓரத்தை மூடித் தைக்கும் பைண்டிங் என் வேலை. வெட்டி வைத்த கரையை அதற்குத்தான் எடுத்தேன். சுற்றளவு 264 இஞ்ச், கரை தாராளமாக எட்டியது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அடுத்ததும் அவரிடமே அனுப்புவேன், நூல் நிறத்தைப் போனில் பேசி முடித்த பிறகு.