ஹீட்டர் கோர் மாற்றியதாக பில், டேஷ்போர்டு ஸ்க்ரூவில் தூசிகூடக் கலையவில்லை

இருபது வயதைத் தாண்டிய ஒரு பெட்ரோல் கார். புகார் ஒன்றே ஒன்றுதான்: ஹீட்டர் போட்டால் சூடு இல்லை, பச்சைக் காற்றுதான் வருகிறது. அதற்காக ஒரே ஒர்க்‌ஷாப்புக்கு மூன்று தடவை போய் வந்திருக்கிறது. முதல் பில்லில் ஏசி கேஸ். இரண்டாவதில் வாட்டர் பம்ப், கூலன்ட், கூடவே லீக் அடைக்கும் மருந்து ஒரு டப்பா. மூன்றாவதில் ஹீட்டர் கோர், அதற்கு ஒன்பது மணி நேர லேபர். எல்லாம் கட்டி முடித்த பிறகும் சூடு வரவில்லை. வேறொரு இடத்தில் பானெட்டைத் திறந்து பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் உதவும் என்பதால் பில்லில் இருந்த வரிசையிலேயே சொல்கிறோம்.

முதலில் அந்த ஏசி கேஸ். இந்த வயதுக் கார்களில் ஹீட்டருக்கும் ஏசி கேஸுக்கும் சம்பந்தமே கிடையாது. இன்ஜினைக் குளிர்வித்துச் சூடேறிய கூலன்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடும். ப்ளோயர் அதன்மீது காற்றை ஊதும். அவ்வளவுதான் ஹீட்டர். கண்ணாடியில் படியும் ஆவி சீக்கிரம் விலக ஏசியையும் சேர்த்துப் போடுவது வேறு விஷயம், அங்கே ஏசி ஈரத்தைத்தான் இழுக்கிறது. “ஹீட்டர் வரலையா, கேஸ் கம்மியா இருக்கும் சார்” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் என்ன செய்கிறது என்று அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே வேலை முடிந்திருக்கும். இந்தக் காரில் நெரிசலில் நிற்கும்போது முள் கொஞ்சம் ஏறும், சாலை காலியாகி வேகம் பிடித்தால் கால்வாசிக்குக் கீழே இறங்கிவிடும். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இன்ஜின் சூடாவதற்கு முன்பே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடுகிறது, ஹீட்டருக்குக் கொடுக்க அதனிடம் சூடு மிச்சமில்லை.

கையால் பார்க்கவும் வழி இருக்கிறது. இரவெல்லாம் நின்று ஆறிய காரை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். ஃபேனும் பெல்ட்டும் பக்கத்தில்தான் இருக்கும், துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை எதுவும் கூடாது. தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் பல நிமிடங்களுக்கு அந்த ஹோஸ் பச்சைத் தண்ணீர்போல இருந்துவிட்டு, திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. பத்து நிமிட வேலை, ஸ்பானர்கூட வேண்டாம்.

இரண்டாவது பில்லில் உள்ள பம்ப் உண்மையாகவே மாற்றப்பட்டிருந்தது. ஆனால் தேவையில்லாத மாற்றம். பம்ப் கெட்டால் அதன் அடியிலுள்ள சிறு துளை வழியே கூலன்ட் கசியும், பேரிங் ஆடும், அல்லது உள்ளேயிருக்கும் இறக்கைச் சக்கரம் தேய்ந்தோ ஷாஃப்டில் வழுக்கியோ ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் இன்ஜின் சூடேற வேண்டுமே தவிர முள் கீழே விழாது. முள் கீழே கிடக்கிற காரில் பம்பைக் குற்றம் சொல்வது நோயைப் பார்க்காமலே மாத்திரை எழுதுவது போலத்தான்.

பம்பாவது பரவாயில்லை, காசோடு போனது. லீக் அடைக்கும் மருந்துதான் இந்தக் காரை உண்மையிலேயே கெடுத்தது. இந்தக் காரில் கூலன்ட் குறையவே இல்லை, அடைக்க லீக்கும் இல்லை. மருந்தில் மிதக்கும் நார்களும் துகள்களும் ஓட்டையை மட்டும் தேடிப் போய் உட்காராது. எங்கே குழாய் மெல்லியதோ, எங்கே ஓட்டம் மந்தமோ அங்கே படியும். கூலன்ட் சுற்றுப்பாதையில் அப்படிப்பட்ட இடம் ஹீட்டர் கோர்தான். தெர்மோஸ்டாட் ஒன்றில் முடிந்திருக்க வேண்டிய வேலை, இப்போது அடைபட்ட கோரையும் சேர்த்துக்கொண்டது.

மூன்றாவது பில்தான் பச்சை மோசடி. இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள தகட்டுச் சுவரைத்தான் ஃபயர்வால் என்பார்கள். அதன் வழியாக இரண்டு ஹோஸ்கள் கோருக்குப் போக வேண்டும். இந்தக் காரில் அந்த இரண்டும் இல்லை. இன்ஜினிலிருந்து கிளம்பிய ஒரு ஹோஸ் ‘ப’ போல வளைந்து இன்ஜினுக்கே திரும்பியிருந்தது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கோரின் இரண்டு குழாய்களிலும் விரல் நீள ரப்பர் துண்டுகள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தார்கள். கோர் மாறவில்லை, கூலன்ட் சுற்றுப்பாதையிலிருந்தே துண்டிக்கப்பட்டிருந்தது. அதோடு தெர்மோஸ்டாட் கூட்டையும் திறந்து பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, அதையும் கழற்றி எறிந்திருந்தார்கள். கூட்டின் விளிம்பைச் சுற்றிலும் சாம்பல் நிற சீலன்ட் பற்பசைபோலப் பிதுங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கம் பிதுங்கியதும் ஒருநாள் பிய்ந்து கோருக்குள்தான் போய்ச் சேரும்.

கோர் மாற்றியதாகச் சொன்னால் டேஷ்போர்டைப் பாருங்கள். இந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலும் டேஷ்போர்டை முழுதாக இறக்காமல் கோரை வெளியே எடுக்க முடியாது. ஸ்டீயரிங் தண்டைத் தாழ்த்த வேண்டும், ஏசி பெட்டியும் சேர்ந்து வருவதாக இருந்தால் கேஸையும் முறைப்படி இறக்க வேண்டும். இவ்வளவு நடந்த காரில் தடயம் இல்லாமல் போகாது: ஸ்க்ரூ தலைகளில் புதுக் கீறல், உடைந்த ஒன்றிரண்டு கிளிப், கார்ப்பெட்டில் கூலன்ட் கறை. இந்தக் காரின் க்ளவ் பாக்ஸைக் கழற்றி டார்ச் அடித்தால், ஸ்க்ரூ குழிகளில் பல வருஷத் தூசி அப்படியே உறைந்து கிடந்தது. ஒன்பது மணி நேர லேபர்!

பைபாஸ் செய்வதே குற்றமில்லை. கோர் ஒழுகி, மாற்று உதிரி வரப் பத்து நாள் ஆகும் என்றால் இரண்டு ஹோஸையும் இணைத்துவிட்டு வண்டியை ஓட்டலாம், ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சொல்லாமல் விட்டால் மழையிலும் பனியிலும் முன்கண்ணாடியில் ஆவி படியும்போதுதான் ஓட்டுபவருக்குத் தெரியவரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்கு அந்தச் சாக்கும் கிடையாது. “அது இல்லேன்னா இன்ஜின் கூலா ஓடும்” என்பது பழைய பல்லவி. உரிய சூட்டை எட்டாத இன்ஜின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில், கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டுதான் மூடும். அவற்றில் அதைக் கழற்றினால் இன்ஜின் குளிர்வதற்குப் பதிலாகக் கொதிக்கவே செய்யும்.

கோர் என்ற பேச்சை யாராவது எடுத்தால் முதலில் ஃபயர்வால் ஹோஸ்களில் கை வையுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில், ஹீட்டர் கடைசிப் புள்ளியில், ப்ளோயர் ஓட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஹோஸும் நன்றாகச் சுட்டும் உள்ளே குளிர்காற்று வந்தால் கோரில் குறையில்லை. குளிர்காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் மடலோ அதை இழுக்கும் கேபிளோதான் காரணம். பழைய கார்களில் கேபிள் கிளிப் கழன்று கிடப்பது அடிக்கடி நடக்கும். ஒன்று சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால் கோருக்குள் ஓட்டம் இல்லை: அடைப்பு, மூடிக்கொண்ட ஹீட்டர் வால்வு, உள்ளே சிக்கி ஓட்டத்தைத் தடுக்கும் காற்று மூன்றில் ஒன்று. கோரை நோகும் முன் வால்வின் கைப்பிடி நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட். முள் மேலே இருந்தும் இரண்டும் குளிர்ச்சி என்றால் பெரும்பாலும் கூலன்ட் குறைந்திருக்கும். காற்றே வரவில்லை என்றால் ஃப்யூஸ், மோட்டார் பக்கம் போக வேண்டும். கடைசி வேகத்தில் மட்டும் வந்தால் ப்ளோயரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர்.

கோரை மாற்றியே ஆக வேண்டிய அடையாளங்கள் வேறு: காருக்குள் இனிப்பான வாடை, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுக்கு, முன்சீட்டின் கால்பக்கக் கார்ப்பெட்டில் ஈரம். அந்த ஈரத்தை வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட், வெறும் தண்ணீரானால் ஏசியின் வடிகால் அடைத்திருக்கும்.

இந்தக் காரில் கடைசியில் செய்தது இவ்வளவுதான். போல்ட்டுகளைப் பிடுங்கி, கோரின் வெளிவரும் குழாயில் சாதாரணத் தோட்ட ஹோஸைப் பொருத்தித் தலைகீழாகத் தண்ணீர் விட்டது. குழாயை லேசாகத் திறந்தால் போதும், பழைய கோரின் பற்றவைப்பு அதிக அழுத்தத்தைத் தாங்காது. கம்ப்ரஸர் காற்றைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. முதலில் துருநிறம், பிறகு ஈரமான தேயிலைச் சக்கைபோல அந்த மருந்தின் துணுக்குகள். திசையை மாற்றி மாற்றி விட்டு, இரு பக்கமும் ஒரே வேகத்தில் தெளிந்த தண்ணீர் வரும்வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். வடித்த கூலன்ட் நாய், பூனை, குழந்தைகளுக்கு விஷம், இனிப்பாக இருப்பதால் நக்கிவிடும். மூடியுள்ள கேனில் பிடித்து வைக்க வேண்டும்.

புதுத் தெர்மோஸ்டாட்டைப் போடும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று. முதலில் வாங்கியது 82 என்று முத்திரை குத்தியிருந்தும் 70-லேயே வாய் திறந்தது. திருப்பிக் கொடுத்து மாற்றிய பிறகே பொருத்தியது. ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்க வேண்டும், சின்ன ஆடும் ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும், அந்த வழியாகத்தான் காற்று தப்பும். பழைய சீலன்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது கேஸ்கெட் போதும். அலுமினியக் கூடு எளிதில் விரிசல் விடும், சிறிய போல்ட்டுகளைக் கைபலத்தைக் காட்டி முடுக்க வேண்டாம்.

கூலன்ட் பாதி, வாலை வடித்த தண்ணீர் பாதி. நிறத்தை வைத்துக் கூலன்ட் வாங்காதீர்கள், கார்க் கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். ஒத்துவராத வகைகள் கலந்தால் சில சமயம் கூழாகித் திரும்பவும் கோரை அடைக்கும். முன்பக்கத்தை ஏற்றி நிறுத்தி, ஹீட்டரைக் கடைசிப் புள்ளியில் வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் காற்று குமிழியிட்டு வெளியேறும். காற்று விடும் திருகு இருந்தால் அதில் குமிழி நின்று கூலன்ட் மட்டும் வரும்வரை திறந்து வைக்கலாம். சூடான இன்ஜினில் மட்டும் மூடியைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

வண்டியை விடும்போதே கழற்றிய பழைய உதிரி வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். டேஷ்போர்டை இறக்குவதானால் இறக்கிய நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள். உண்மையிலேயே இறக்குபவருக்கு அது அரை நிமிட வேலை. எடுக்க வரும்போது பில்லைப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து, ஃபயர்வாலில் இரண்டு ஹோஸ் போகிறதா என்று எண்ணுங்கள். மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில் கூலன்ட் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தால் பயம் வேண்டாம், உள்ளே மிச்சமிருந்த காற்று வெளியேறிய இடம் அது, நிரப்பிவிடுங்கள். நான்காம் நாளும் இறங்கினால் லீக் இருக்கிறது, மருந்து டப்பாவோடு யாராவது வந்தால் பானெட்டை மூடிவிடுங்கள்.