வாஷிங்டன் வீடா, ஐசனோவர் பண்ணையா?

இந்த இரண்டு முன்னாள் அமெரிக்க அதிபர்களின் வீடுகளில் ஒன்றைச் சுற்றிப் பார்க்கக் கையில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எனக்கு ஐசனோவர் பண்ணைதான்.

பொடோமாக் ஆற்றங்கரையில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னன் பெரிய மாளிகை. சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கல் மாதிரி தெரிவது மரப்பலகை, பெயின்ட் ஈரத்தில் மணல் தூவியது. 1799இல் அங்கே 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் தங்கிய இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் ஊரில் இருக்கும் பண்ணையை, பின்னாளில் அதிபரான ஜெனரல் ஐசனோவர் வாங்கியது 1950இல். ராணுவ வேலையில் ஊர் ஊராக மாறிய ஐசனோவர் தம்பதிக்குச் சொந்தமாக இருந்த ஒரே வீடு அதுதான். மாளிகைக் களை கிடையாது. ஆனால் குடும்பம் வாழ்ந்த சாயல் அப்படியே இருக்கிறது. கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில்தான் இருவருக்கும் பொழுது போகும்; ஐசனோவர் ஓவியம் தீட்டியதும் அங்கேதான். வெளியே கறுப்பு ஆங்கஸ் மாடுகள் வளர்த்தார்.