பானையா, பெட்டியா, பேட்டரியா: எளிய வீடுகளுக்கான மூன்று குளிர்பதன வடிவமைப்புகள்

குளிர்சாதனப் பெட்டி வாங்க வசதியில்லாத, அல்லது வாங்கினாலும் மின்சாரம் நிலையாகக் கிடைக்காத குடும்பங்களை மனத்தில் வைத்து உருவான வடிவமைப்புகளில் மூன்று பரவலாகப் பேசப்பட்டன: நைஜீரியாவின் இரட்டைப் பானை, குஜராத்தின் மிட்டிகூல் மண்பெட்டி, கோத்ரெஜ் நிறுவனத்தின் பேட்டரியிலும் ஓடும் சோட்டுகூல் பெட்டி. மூன்றையும் ‘ஏழைகளின் ஃப்ரிட்ஜ்’ என்று ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. இந்தப் பெயரே ஒப்பீட்டைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. எதை வைத்துக் காக்கப் போகிறோம், எத்தகைய காற்றில் வைக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் இவற்றில் ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது.

இரட்டைப் பானையை 1995 அளவில் உருவாக்கியவர் முகமது பா அப்பா. நைஜீரியாவின் வடக்கில் ஜிகாவா மாநிலத்தில் ஆசிரியராக இருந்தவர். பானை வனையும் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இரண்டுக்கும் இடையில் மணலை நிரப்பி, அந்த மணலை நாளுக்கு இருமுறை நனைத்து, வாயை ஈரத்துணியால் மூட வேண்டும். மணலில் உள்ள நீர் வெளிப்பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகும்போது உட்பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை; கணக்கிட்டால், 40 கிலோ காய்கறியை 15 டிகிரி குளிர்விக்கப் போதுமான அளவு அது. வெளியிலிருந்து வெப்பம் ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருப்பதால் நடைமுறையில் பயன் அதைவிடக் குறைவு என்றாலும், ஒரு செம்பு நீருக்கு இவ்வளவு வேலை வாங்கும் கருவி வேறொன்றை எளிதில் காட்ட முடியாது.

மூன்று நாளில் வாடும் கத்தரிக்காய் 27 நாள் வரை நின்றது என்று பா அப்பாவின் சோதனைகள் காட்டின. 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. கத்தரிக்காய் இத்தனை நாள் நின்றதில் பானைக்கு மட்டுமல்ல, காயின் இயல்புக்கும் பங்குண்டு. கத்தரி, தக்காளி, வெண்டை, வெள்ளரி போன்ற வெப்பமண்டலக் காய்கள் சுமார் 10 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் குளிர்க்காயம் அடைகின்றன; தோலில் குழி விழும், உள்ளே விதைப்பகுதி கறுக்கும். அவற்றுக்குத் தேவையானது மிதமான குளிர்ச்சியும் மிகுந்த ஈரப்பதமும்தான். பானை தருவதும் அந்த இரண்டையே. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் 4 டிகிரித் தட்டில் ஒரு வாரம் கிடக்கும் கத்தரிக்காயைவிட நைஜீரியப் பானையில் இருக்கும் கத்தரிக்காயின் நிலை மேல் என்று சொன்னால் அது மிகையாகாது.

முகமது பா அப்பா பானையோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளூர்க் குயவர்களை வேலைக்கு அமர்த்தி, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்தாருக்குப் பயன்படுத்தும் முறையை உள்ளூர் நடிகர்களின் நாடகமாகப் படம்பிடித்துக் காட்டினார். விளைச்சல் அன்றன்றே விற்றாக வேண்டிய நெருக்கடி தளர்ந்ததால், தெருத்தெருவாகக் காய்கறி விற்க அனுப்பப்பட்ட சிறுமிகள் பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. வடிவமைப்பு என்ற சொல்லுக்குள் இந்த ஏற்பாடுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதால், குளிர்ச்சியை ஒதுக்கிவைத்து இந்த ஏற்பாடுகளை மட்டும் பார்த்தால், மூன்றில் இதற்கே நான் முதலிடம் தருவேன்.

மிட்டிகூலின் கதை 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தை உலுக்கிய நிலநடுக்கத்தோடு தொடங்குகிறது. உடைந்து கிடந்த மண்பானைகளின் படத்தை ஏழைகளின் ஃப்ரிட்ஜ் உடைந்தது என்ற பொருளில் ஒரு குஜராத்தி நாளிதழ் வெளியிட, வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் அந்த வரியை வடிவமைப்புக்கான குறிப்பாகவே எடுத்துக்கொண்டார். ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கையால் தட்டிச் செய்த மண் தோசைக்கல்லை அச்சு இயந்திரத்தில் வார்க்கத் தொடங்கியவர். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2005 அளவில் அவர் கொண்டுவந்த பெட்டியில் மேலே நீர்த்தொட்டி, கீழே காய்கறிக்கும் பாலுக்கும் தட்டுகள், முன்னால் கதவு, தண்ணீர் குடிக்க ஒரு குழாய். தொட்டி நீர் பக்கச் சுவர்களுக்குள் ஊறி ஆவியாகிறது. நாளுக்கு இருமுறை மணலை நனைக்க வேண்டியதில்லை. குனிந்து பானைக்குள் கைவிட்டுத் தேட வேண்டியதில்லை. குடிநீரும் குளிர்ந்து கிடைக்கிறது. சமையலறையில் நிற்கும் பொருளாக மதிப்பிட்டால் இதுவே மூன்றிலும் வசதியானது.

ஆனால் கதவும் தட்டும் வைத்த உடனே அது ஃப்ரிட்ஜைப் போலத் தோற்றம் கொண்டுவிடுகிறது. வாங்குபவரின் எதிர்பார்ப்பும் கூடிவிடுகிறது. அறை வெப்பத்தைவிடச் சுமார் 8 டிகிரி குறைவு என்பதுதான் இதைப் பற்றிச் சொல்லப்படும் அளவு. வெளியே 38 என்றால் உள்ளே 30. அந்த வெப்பத்தில் காய்கறி சில நாள் நிற்கும். காய்ச்சிய பால் ஒரு நாள் தாங்கலாம். மீனும் இறைச்சியும் தாங்கா. மூடிய பானையாகவே இருந்திருந்தால் யாரும் அதில் மீனை வைக்க நினைத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மண் கருவிகளுக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே ஆவியாதலால் எதையும் குளிர்விக்க முடியாது. 40 டிகிரி வெயிலும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள உலர்காற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 21 டிகிரி. ஜிகாவாவின் கோடையும் ராஜஸ்தானின் கோடையும் இந்த வகையைச் சேர்ந்தவை. 34 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றில் எல்லை 30 டிகிரி. அதாவது எவ்வளவு நேர்த்தியாக வனைந்தாலும் அங்கே 4 டிகிரிக்கு மேல் இறங்காது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்று வீசும் புழுக்கமான மாலையில் பானைத் தண்ணீர் ஏமாற்றுவதற்குக் காரணம் குயவரல்ல. விருதுச் செய்திகளைப் படித்துவிட்டு இதைக் கடலோர ஊர்களுக்குப் பரிந்துரைப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஈரப்பதம் என்ற இந்தத் தடையைத் தாண்டுவது சோட்டுகூல் மட்டுமே. வழக்கமான ஃப்ரிட்ஜில் உள்ள அமுக்கியும் (கம்ப்ரசர்) குளிர்வாயுவும் இல்லாமல், இருவேறு மின்கடத்திகளின் சந்திப்பில் மின்னோட்டம் செலுத்தினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் என்று 1834இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியே கண்ட விளைவின் அடிப்படையில் இது இயங்குகிறது. எடை 8 கிலோவுக்கும் குறைவு. ஒருவரே தூக்கிச் செல்லலாம். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மூடி மேற்புறம் திறப்பதால், கனமான குளிர்காற்று கதவு திறந்தவுடன் தரையில் வழிந்தோடாமல் உள்ளேயே தங்குகிறது. இந்தச் சிறு முடிவை அதன் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். மகாராஷ்டிரக் கிராமங்களில் பெண்களிடம் கருத்துக் கேட்டு வடிவமைத்தார்கள். தொடக்கத்தில் விலை 3,250 ரூபாய் அளவில் இருந்தது. அஞ்சல் துறை வழியாக விற்கவும் முயன்றார்கள்.

இவ்வளவு செய்தும் அது எண்ணிய வீடுகளில் நிலைகொள்ளவில்லை. நகரத்துப் பெட்டிக்கடைகள், சிற்றுண்டி விற்பவர்கள், காரில் பயணம் செய்பவர்கள் ஆகியோர்தான் பின்னாளில் அதன் வாடிக்கையாளர் ஆனார்கள். காரணம் பல இருக்கலாம். எனக்கு முதன்மையாகத் தோன்றுவது தொழில்நுட்பமே. பெல்டியே முறையில் ஒரே அளவு குளிர்ச்சிக்கு அமுக்கி முறையைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவாகும். பொதுவாக இத்தகைய கருவிகள் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 20 டிகிரிதான் இறங்கும். வெளியே 40 என்றால் உள்ளே 20. பாலுக்கு அது போதாது. மின்சாரம் இல்லாத வீட்டில் பேட்டரி ஏற்றும் செலவு, மின்சாரம் உள்ள வீட்டில் பனிக்கட்டி தராத பெட்டி என்ற குறை. இரண்டுக்கும் நடுவே அது சிக்கிக்கொண்டது. கொஞ்சம் கூடுதலாகச் சேமித்துப் பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜை வாங்கலாம் என்று ஒரு குடும்பம் கணக்குப் போட்டால் அதைத் தவறென்று சொல்ல முடியுமா? பூ விற்பவருக்கோ சாக்லேட் விற்பவருக்கோ அதே 20 டிகிரி போதும். வருமானத்திலிருந்து மின்செலவையும் ஈடுகட்டலாம்.

வீட்டளவைத் தாண்டி, இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான செங்கல் குளிர் அறையையும் இங்கே குறிப்பிடலாம். இரட்டைச் செங்கல் சுவர், நடுவில் நனைந்த மணல், மேலே வைக்கோல் மூடி. சுமார் 100 கிலோ வரை காய் கொள்ளும். இரட்டைப் பானையின் தத்துவமேதான். அறுவடைக்கும் சந்தைக்கும் இடைப்பட்ட சில நாள்களுக்கு உழவருக்கு உதவும், சமையலறைக்கல்ல.

தேர்வு என்று வந்தால், வறண்ட உள்நாட்டுப் பகுதியில் காய்கறியும் கீரையும் மட்டும் காக்க வேண்டிய வீட்டுக்கு இரட்டைப் பானையே போதும். அருகில் குயவரும் மணலும் இருந்தால் பழுதுபார்க்க யாரையும் தேட வேண்டாம். அதே இடத்தில் சில ஆயிரம் ரூபாய் செலவிட முடிந்தால், குடிநீருக்காகவும் சேர்த்து மிட்டிகூல் வாங்கலாம்; வாங்குபவர் அதன் கதவைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும். கடலோரத்தில் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. சோட்டுகூல் வகைப் பெட்டி நாள்தோறும் விற்பனை உள்ள சிறு கடைக்குப் பொருந்தும். குடும்பத்துக்குப் பரிந்துரைக்கத் தயங்குவேன். மீன், இறைச்சி, மறுநாளுக்கான பால், திறக்காத இன்சுலின் குப்பி ஆகியவை உள்ள வீட்டுக்கு இந்த மூன்றில் எதுவுமே விடையல்ல. அங்கே தேவைப்படுவது 4 டிகிரியைத் தரும் சாதாரண அமுக்கிப் பெட்டியும் அதற்குத் தடையில்லாத மின்இணைப்பும்தான்.