ஹாஸ்டல் அறைக்கு 1.5 லிட்டர் கெட்டில்: எதற்கு உதவும், எங்கே கெடும்

காலையில் லேப் இருக்கும் நாளில் மெஸ் வரிசையில் நிற்க நேரம் இருக்காது. இரவு பதினொரு மணிக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது பசித்தால் மெஸ் பூட்டிக் கிடக்கும். இந்த இரண்டு வேளையையும் சமாளிக்கப் பெரும்பாலான மாணவர்கள் முதலில் வாங்குவது ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் 1.5 லிட்டர், 1500 வாட் எவர்சில்வர் கெட்டில்தான். எந்தக் கம்பெனியின் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்த விலையில் உள்ளே இருக்கும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இதை ஒரு கம்பெனியின் பொருளாகப் பார்க்காமல் ஒரு வகையாகவே எடைபோடலாம்.

தண்ணீர் கொதிக்க வைக்க மட்டும் வாங்கினால் நான்கு வருடப் படிப்பு முடியும்வரை உழைக்கும். அதற்குள்ளேயே நூடுல்ஸ் கிண்டவும் பால் காய்ச்சவும் வாங்கினால் ஒரு செமஸ்டர் தாங்குவதே சிரமம். ஏன் என்பது அதன் அமைப்பைப் பார்த்தாலே விளங்கும்.

கெட்டிலின் கைப்பிடிக்கு மேலே, மூடிக்குச் சற்றுக் கீழே உட்புறமாக ஒரு சிறு துளை இருக்கும். தண்ணீர் கொதித்ததும் நீராவி அந்தத் துளை வழியாகக் கைப்பிடிக்குள் இறங்கி, சுவிட்சை ஒட்டியிருக்கும் ஈருலோகத் தகட்டைச் சூடாக்கும். தகடு சட்டென்று மறுபக்கம் வளைந்து சுவிட்சைத் தள்ளும். 'டக்' என்று கேட்பது அந்தச் சத்தம்தான். மூடி திறந்திருந்தால் ஆவி துளைக்குள் போகாமல் மேலே கலைந்துவிடும். கெட்டில் நிற்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆட்டோ கட் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்பவர்கள் முதலில் மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கொதித்து நின்றவுடன் மறுபடி சுவிட்சை அழுத்தினால் நிற்காமல் மேலே வந்துவிடுவதும் இதனால்தான். தகடு இன்னும் ஆறவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும்.

அடித்தட்டுக்குக் கீழே இதேபோல் இன்னொரு தகடு உண்டு. தண்ணீர் இல்லாமல் போட்டுவிட்டால் அதுதான் மின்சாரத்தை நிறுத்தும். அப்படி நின்றுவிட்டால் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு ஊற்றினால் பெரும்பாலும் பழையபடி வேலை செய்யும்.

இப்போது நூடுல்ஸை எடுத்துக்கொள்வோம். நூடுல்ஸில் இருந்து இறங்கும் மாவு நுரை கொதிக்கும்போது மேலேறி அந்த ஆவித் துளைக்குள் போகிறது. அங்கே காய்ந்து படிகிறது. பத்துப் பதினைந்து தடவையில் துளை அடைத்து, தானாக நிற்கும் வசதி போய்விடும். இன்னொரு பக்கம், அடியில் ஒட்டிய நூடுல்ஸ் அந்த இடத்தை மட்டும் அதிகமாகச் சூடாக்குவதால் கீழே உள்ள தகடு இடையிலேயே நிறுத்திவிடும். நூடுல்ஸ் பாதி வேகாமல் நிற்கும். மசாலா எண்ணெய் மூடியின் ரப்பரில் ஊறிவிட்டால், பிறகு போடும் காபியிலும் அந்த வாடை வரும். பால் இன்னும் மோசம். அடியில் தீய்ந்து பிடிப்பதோடு, பொங்கி வழிந்து கீழே அடிப்பீடத்தின் மின்தொடர்புக்குள் இறங்குகிறது. காய்ந்த பால் படிந்த தொடர்பில் தீப்பொறி தெறித்துக் கருகும். பால் காய்ச்சி வீணான கெட்டிலைச் சரிசெய்வது சிரமம்.

கெட்டிலுக்கு வெளியே சமைத்தால் இத்தனை தொல்லையும் இல்லை. முக்கால் லிட்டர் எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்று, இறுக்கமான மூடியோடு, போதும். முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி டப்பாவைச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும். குளிர்ந்த எவர்சில்வர், ஊற்றும் வெந்நீரின் சூட்டை இழுத்துவிடும் என்பதால் இந்தப் படியை விடக் கூடாது. பிறகு நூடுல்ஸை நான்காக உடைத்துப் போட்டு, மசாலாவையும் தூவி, கொதிக்கும் தண்ணீர் 250 மில்லி ஊற்றி மூடி, துண்டால் சுற்றி ஏழு நிமிடம் வைத்தால் நன்றாக வெந்துவிடும். ஹோட்டல் பார்சல் வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில் கொதிநீர் ஊற்றவே கூடாது. அது நெளிந்து கையில் கொட்டும்.

இதே டப்பாவில் நைஸ் அவல் இரண்டு நிமிடத்தில் ஊறும், கெட்டி அவலுக்குப் பத்து நிமிடம் ஆகும். அவல் மூழ்கும் அளவுக்கு ஊற்றினால் போதும், அதற்கு மேல் ஊற்றினால் கூழாகிவிடும். நாட்டுச்சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. காரம் வேண்டுமென்றால் இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும். உடனடி ஓட்ஸ் 40 கிராமுக்கு 150 மில்லி, நான்கு நிமிடம். கடைகளில் விற்கும் காய்ந்த அரிசி சேவை வெந்நீரில் ஊறியதும் வடித்துவிட்டு எலுமிச்சைச் சாறு, உப்பு, வறுத்த வேர்க்கடலை போட்டால் மெஸ் சாப்பாட்டைவிட ருசியாக இருக்கும். சத்துமாவுக் கஞ்சிக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. மாவு அடுப்பில் கொதித்து வேக வேண்டியது. வெந்நீர் ஊற்றிக் கலக்கினால் பச்சை வாடை போகாது, கட்டியும் தட்டும். வீட்டில் இருந்து டப்பா நிறைய சத்துமாவு கொடுத்துவிட்டால் அதற்குக் கெட்டிலை நம்ப வேண்டாம்.

கெட்டிலின் உண்மையான பயன் ஃபில்டர் காபியில் தெரியும். இரண்டு பேருக்கான சிறிய எவர்சில்வர் ஃபில்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். மேல்பாத்திரத்தில் குவியலாக மூன்று டீஸ்பூன் பொடி போட்டு, ஃபில்டரோடு வரும் குடை போன்ற துளைத் தட்டை வைத்து மெல்ல அழுத்தி, கொதித்து நின்ற தண்ணீரை 100 மில்லி அளவுக்குச் சுற்றிச் சுற்றி ஊற்ற வேண்டும். பதினைந்து, இருபது நிமிடத்தில் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். குளிக்கப் போகும் முன் ஊற்றி வைத்தால் திரும்பி வரும்போது தயார். பாலுக்குப் பால் பவுடர். இரண்டு டேபிள்ஸ்பூன் பவுடரை முதலில் கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துக்கொண்டு, அப்புறம் 100 மில்லி வெந்நீர் சேர்த்தால் கட்டி தட்டாது. நேரடியாகக் கொதிநீரில் போட்டால் திரண்டுவிடும். ரூமில் ஃபிரிட்ஜ் இல்லாததால் டிகாக்‌ஷனை மறுநாளுக்கு எடுத்துவைக்காமல் அன்றன்று இறக்குவதே நல்லது. பழசு புளிப்பு தட்டும்.

முட்டை அவிக்கலாம். இதுவும் கெட்டிலுக்குள் நடக்கும் சமையல்தான், ஆனாலும் ஓடு உடையாதவரை ஒட்டவோ நுரைக்கவோ எதுவும் இல்லை. மூன்று முட்டையை மெதுவாக இறக்கி, அவற்றுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றிப் போட வேண்டும். கொதித்துத் தானாக நின்றபின் மூடியைத் திறக்காமல் 12 நிமிடம் விட்டால் மஞ்சள் கரு கெட்டியாகும், 7 நிமிடம் என்றால் நடுவில் கொஞ்சம் இளகலாக இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ டீ போடவோ பயன்படுத்தாமல் கொட்டிவிட்டு உள்ளே கழுவ வேண்டும். ஊட்டியில் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கெட்டிலும் வழக்கம்போல ஆவி வந்ததும் நின்றுவிடும். அங்கே கெட்டி முட்டை வேண்டுமானால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.

வேகத்தையும் செலவையும் சொல்லிவிடுகிறேன். அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் நான்கு நிமிடத்துக்குள் கொதிக்கிறது. அரை லிட்டருக்கு இரண்டு நிமிடம். பல ஊர்களில் மாலை நேரத்தில் வோல்டேஜ் 200-க்கு இறங்கும்போது 1500 வாட் கெட்டில் 1130 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். நான்கு நிமிட வேலை ஐந்தேகால் நிமிடம் ஆகும். அது கெட்டிலின் குறை இல்லை. லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 யூனிட் மின்சாரம். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் கொதிக்க வைத்தாலும் மாதம் 9 யூனிட்தான் வரும். தனியார் விடுதியில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போட்டாலும் 90 ரூபாய். டீக்கடையில் ஒரு வார டீச் செலவுக்குக்கூட அது காணாது.

கவனிக்க வேண்டியது பிளக். 1500 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். படிக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 6 ஆம்பியர் சாக்கெட். சில மாடல்கள் பெரிய பின் பிளக்கோடு வருகின்றன, அது மேசைச் சாக்கெட்டில் நுழையவே நுழையாது. சிறிய பின்னோடு வருபவை நுழையும், ஆனால் தளர்ந்த பழைய சாக்கெட்டில் பிளக் கொதிக்கும் சூடாகிவிடும். கெட்டில் நின்றதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அந்தச் சாக்கெட்டை விட்டுவிடுங்கள். அறையில் 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு வைப்பது மேல். செல்போன், லேப்டாப் சார்ஜருக்காக வாங்கிய மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலைப் போடவே கூடாது. ஒயர் உருகும் வாடை வரும்போது பாதி சேதம் முடிந்திருக்கும். அதேபோல் பக்கத்துப் பக்கத்து அறைகள் ஒரே 16 ஆம்பியர் எம்.சி.பி.-யில் (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) இருந்தால், பரீட்சை இரவில் மூன்று அறையில் ஒரே நேரத்தில் கெட்டில் போட்டால் இருபது ஆம்பியரை நெருங்கி ட்ரிப் ஆகவும் வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் மொத்த வரிசைக்கும் விளக்கும் ஃபேனும் போகும். பக்கத்து அறைக்காரர்களோடு முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்வதே வழி.

பல கல்லூரி விடுதிகளில் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. சில இடங்களில் கெட்டிலுக்கு மட்டும் அனுமதி. வாங்குவதற்கு முன் வார்டனிடம் கேட்டுவிட வேண்டும். தடை இருந்தால் ஒளித்து வைத்து அலமாரிக்குள் போடுவது மிகவும் ஆபத்து. ஆவியும் துணியும் மின்சாரமும் ஒரே அடைப்புக்குள் இருக்கவே கூடாது.

அடுத்தது உப்புப் படிவு. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை ஊற்றினால் இரண்டு வாரத்தில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் இடங்களில் மாதக்கணக்கில் அடி பளிச்சென்றே இருக்கும். கேன் தண்ணீரிலும் படிவு குறைவுதான். படிவு கூடக் கூடக் கொதிக்கும் சத்தம் பெரிதாகும், நேரம் கூடும், டம்ளரில் வெள்ளைச் செதில் மிதக்கும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு முழு எலுமிச்சையைப் பிழிந்து, அல்லது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு டேபிள்ஸ்பூன் போட்டு, கொதிக்க வைத்து அரைமணி நேரம் அப்படியே விட்டால் படிவு கழன்றுவிடும். பிறகு இரண்டு முறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் துரு பிடிக்கும். கெட்டிலைக் குழாயடியில் முழுக்க நனைத்துக் கழுவுவதும் கூடாது. அடியில் உள்ள தொடர்பில் தண்ணீர் தங்கும்.

கடையில் பார்த்து வாங்குவதாக இருந்தால், கை உள்ளே போய் அடியைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். குறுகிய வாய் இருந்தால் கழுவவே முடியாது. மூடியின் உட்புறம் எவர்சில்வராக இருப்பது நல்லது. மூடியின் கீல் பிளாஸ்டிக்தான், அதுதான் முதலில் உடையும் பாகம். நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தால் தளர்வு தெரிந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் உடம்பு கொதிக்கக் கொதிக்கச் சுடும் என்பதால் கட்டிலிலும் புத்தகத்துக்கு நடுவிலும் வைக்க முடியாது. கொஞ்சம் கூடுதல் விலையில் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட இரட்டைச் சுவர் மாடல் கிடைக்கும். நெருக்கமான அறையில் மூன்று பேர் தங்கியிருந்தால் அந்தக் கூடுதல் பணம் தகும்.

உள்ளேயே சமைத்துத்தான் தீருவேன் என்பவர்களுக்கு மல்டி கெட்டில் என்று தனியாக ஒன்று விற்கிறது. அகன்ற வாய், கண்ணாடி மூடி, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு. 600 வாட் அளவில் வருபவை 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குப் பாரமே இல்லை. நூடுல்ஸ், கஞ்சி, உப்புமா எல்லாம் செய்யலாம். பதிலுக்கு ஒரு லிட்டர் கொதிக்கப் பத்து நிமிடம் ஆகும், கொதித்தவுடன் தானாக நிற்காது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடைப் பாத்திரத்தில் போட்டு வெந்நீர் வைக்கும் பழக்கத்தை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். உயிருக்கே ஆபத்து.

வாரண்டி பொதுவாக ஒரு வருடம். பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் நெம்பு உடைந்தாலோ அடிப்பீடத்தின் தொடர்பு தேய்ந்தாலோ சர்வீஸ் சென்டரில் மாற்றித் தருவார்கள். அடித்தட்டும் சுவரும் சேரும் விளிம்பில் தண்ணீர் கசிய ஆரம்பித்தால் எம்-சீல் வைத்து அடைக்க முயலக் கூடாது. அந்தக் கசிவு நேராக மின்தொடர்புக்குத்தான் இறங்கும். அன்றே பயன்பாட்டை நிறுத்திவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.